தொய்ந்த முள்கம்பி: முதலில் மூலைக்காலைப் பாருங்கள்

வணக்கம் அண்ணா. கல்லுக்கால் வேலியில் கம்பி தொய்ந்து ஆடு நுழைகிறது, இழுத்துக் கட்டினாலும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தப்பு பெரும்பாலும் கம்பியில் இருக்காது. மூலைக்கால் உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் நிமிர்த்தி, வேலி ஓடும் இரு திசையிலும் சாய்வாக முட்டுக்கல் கொடுத்து, அடியில் கான்கிரீட் போடுங்கள். அது இறுகும்வரை ஒரு வாரம் கம்பியைத் தொடாதீர்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லாமல் ஒரு மூலையை இரண்டு முறை நட்டேன்!

அப்புறம் நடுக்கால்களில் உள்ள கட்டுக்கம்பியை எல்லாம் தளர்த்திவிடுங்கள். இல்லையென்றால் இழுப்பு அடுத்த காலோடு நின்றுவிடும். கடப்பாரையால் நெம்புவதைவிட ரேச்செட் புல்லர் (கம்பியை இழுத்து இறுக்கும் பல்சக்கரக் கருவி) நல்லது. ஒவ்வொரு பல்லாக ஏறும், பிடி நழுவாது. தொய்வு கொஞ்சம்தான் என்றால் புல்லரே வேண்டாம், கட்டிங் பிளேயரால் கம்பியில் அங்கங்கே சின்ன நெளிவு போட்டாலே இறுகும்.

துருப்பிடித்த கம்பியை மட்டும் இழுக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். தோல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கம்பி ஓடும் நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம்.