கொழுந்தன் கடையில் இருக்கும் உங்கள் பழைய சிம்

கேள்வி: நாமக்கல் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய். வீட்டுக்கடன் 25 லட்சம் கேட்டு வங்கிக்குப் போனபோது, என் பெயரில் இரண்டு கடன்கள் பாக்கியில் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்று எனக்குத் தெரிந்ததுதான். மொபைல் கடை வைத்திருக்கும் கொழுந்தன் என் ஆதார், பான் கார்டைக் கொடுத்துத் தவணையில் போன் வாங்கினார். அன்றைக்கு ஓடிபி வந்தது, நான்தான் போனில் சொன்னேன். மாதம் 3,500 வீதம் 12 தவணை, நாலோடு நிறுத்திவிட்டார். இன்னொன்று ஆப் வழியாக வாங்கிய 60,000 ரூபாய்க் கடன். அது யார் வாங்கியது என்றே தெரியவில்லை, இப்போது 78,000 பாக்கி என்கிறார்கள். என்னுடைய பழைய சிம்மும் இரண்டு வருடமாக அவர் கடையில்தான் ஓடுகிறது. இப்போது என் பெயரில் புதிதாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி ஏடிஎம் கார்டோடு கொடுத்தால் மாதம் 5,000 தருகிறேன் என்கிறார். ‘குடும்பத்துக்குள் என்ன கணக்கு’ என்கிறார் மாமியார். வங்கியில் சைபர் இன்சூரன்ஸ் (ஆன்லைன் மோசடியில் பணம் போனால் ஈடு தரும் காப்பீடு) எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: இன்சூரன்ஸை அப்புறம் பார்ப்போம். ஓடிபி சொல்லக்கூடாது, தெரியாத லிங்கைத் தொடக்கூடாது, வீடியோ காலில் மிரட்டிச் செய்யும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்பதெல்லாம் பிள்ளைகளுக்கே பாடம் எடுக்கிற உங்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாதவன் கேட்டிருந்தால் நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு வந்த கஷ்டம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பெயரைக் கைமாற்றாகக் கொடுத்துப் பழகிவிட்டீர்கள். பணத்தைக் கைமாற்றாகக் கொடுத்தால் போவது அந்தத் தொகை மட்டும். ஆதார், பான், சிம் மூன்றும் ஒருவர் கையில் இருந்தால் எவ்வளவு போகும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார்.

அந்தப் புதிய கணக்குக்கு இன்றைக்கே ‘முடியாது’ என்று சொல்லிவிடுங்கள். கணக்கில் என் பணம் ஒரு ரூபாயும் இருக்காதே, என்ன போய்விடப் போகிறது என்று தோன்றும். வாடகைக்கு வாங்கும் கணக்குகள் பெரும்பாலும் எதற்குப் பயன்படுகின்றன தெரியுமா? வேறு ஏதோ மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம் இந்தக் கணக்குக்கு வரும். பத்து நிமிடத்தில் நாலைந்து கணக்குகளாகப் பிரிந்து வெளியே போய்விடும். பணத்தை இழந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்ததும், அது போன வழியில் இருக்கும் கணக்குகளை வங்கிகள் முடக்கத் தொடங்கும். அதே பெயரில் இருக்கும் சம்பளக் கணக்கும் சில சமயம் மாட்டிக்கொள்ளும். முடக்கச் சொன்ன காவல் நிலையம் ராஜஸ்தானிலோ தெலங்கானாவிலோ இருக்கும். அதை விடுவிக்க அலைய வேண்டியவர் கணக்கின் சொந்தக்காரர், அதாவது நீங்கள். கொழுந்தன் நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் கார்டு கேட்பவர் யார் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். உண்மையிலேயே வியாபாரத்துக்குத்தான் என்றாலும் இதே பதில்தான். சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால், நடப்புக் கணக்கில் அது 50 லட்சத்தைத் தொட்டால், வங்கி வருமான வரித்துறைக்குத் தெரிவித்துவிடும். நோட்டீஸ் பான் கார்டில் இருக்கும் பெயருக்குத்தான் வரும். மாதம் 5,000 என்றால் வருடத்துக்கு 60,000. அதை வைத்து ஒரு வக்கீல் ஃபீஸைக்கூட முழுதாகக் கட்ட முடியாது.

அடுத்தது சிம். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்த ஒரு வரிதான். ஆதாரில் எந்த எண்ணைப் பதிவு செய்திருக்கிறீர்கள்? பழைய எண் என்றால், இரண்டு வருடமாக உங்கள் ஆதார் ஓடிபி எல்லாம் அந்தக் கடையின் மேசைமேல் இருக்கும் போனுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஆப் கடனில் ஆதார் ஓடிபியைப் போட்டாலே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி. இரண்டாவது கடன் அந்த வழியாக நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சிம்மைத் திருப்பிக் கேட்டு வாக்குவாதம் செய்ய வேண்டாம். எண் உங்கள் பெயரில் இருக்கிறது. ஆதாரை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் கடைக்குப் போய் டூப்ளிகேட் சிம் கேளுங்கள். புதியது வேலை செய்யத் தொடங்கியதும் அவரிடம் இருப்பது செத்துவிடும். முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, பயப்படாதீர்கள், அது பாதுகாப்புக்காக வைத்த விதி. பிறகு தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரில் மொத்தம் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். மொபைல் கடையில் ஆதார் நகல் கிடந்திருக்கிறது என்பதால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அறியாத எண் இருந்தால் ‘என் எண் அல்ல’ என்று குறித்து அனுப்புங்கள். நீங்கள் எடுத்து இப்போது வேண்டாத எண் என்றால் ‘தேவையில்லை’ என்று குறியுங்கள்.

சிம் கைக்கு வந்த பிறகுதான் ஆதார் வேலை. முதலில் செய்யப் பார்த்தால் ஓடிபி அவருக்குப் போகும். ஆதார் தளத்தில் கைரேகைப் பூட்டைப் போடுங்கள். தேவைப்படும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். அங்கேயே கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும், இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு உதவும்.

இனி கடன்கள். இரண்டையும் ஒரே மாதிரி பார்க்கக்கூடாது. போன் கடனுக்கு ஓடிபி சொன்னது நீங்கள், ஆகவே சட்டப்படி அது உங்கள் கடன். ‘நான் வாங்கவே இல்லை’ என்று அதற்கும் சேர்த்துப் புகார் எழுதினால், உண்மையான புகாரும் நம்பகம் இழந்துவிடும். எட்டுத் தவணை 28,000, அபராதம் ஒரு 3,000 என்றால் 31,000 வரும். வைப்புநிதியை உடைத்தாவது இந்த மாதமே கட்டிவிடுங்கள். கொழுந்தன் தரட்டும் என்று காத்திருந்தால் மாதாமாதம் உங்கள் பெயர்தான் கெடும். வசூல் ஆள் போன் செய்து ‘20,000 கட்டுங்கள், செட்டில் பண்ணிவிடலாம்’ என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘செட்டில்டு’ என்று, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஏறினால் முழுதாகக் கட்டவில்லை என்று அர்த்தம், வீட்டுக்கடன் அதிகாரி அதைப் பார்த்ததுமே முகம் சுளிப்பார். முழுப் பாக்கியையும் கட்டி, தடையின்மைச் சான்று வாங்கி, ‘குளோஸ்டு’ என்று மாறியதை உறுதி செய்யுங்கள்.

ஆப் கடனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஒரு தவணை கட்டினாலும் கடனை ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள். முதலில் கடன் தகவல் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கிலும் அறிக்கை எடுங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். எல்லோரும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு பகுதிகளைப் படியுங்கள். தொடர்பு விவரத்தில் உங்களுடையது அல்லாத போன் எண், முகவரி, மின்னஞ்சல் இருக்கிறதா? யார் யார் உங்கள் அறிக்கையைக் கேட்டார்கள் என்று காட்டும் விசாரணைப் பகுதியில் நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? இருந்தால் மூன்றாவது கடனுக்கு யாரோ முயன்றிருக்கிறார்கள்.

சைபர் க்ரைம் தளத்தில் புகார் பதிந்து, உள்ளூர் ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். கொழுந்தன் மேல் எப்படிப் புகார் கொடுப்பது என்ற தயக்கம் புரிகிறது. அவர்தான் என்று நீங்கள் குற்றம் சாட்ட வேண்டாம். இந்தக் கடனை நான் வாங்கவில்லை, இந்த எண் இந்தத் தேதியிலிருந்து என் கையில் இல்லை, இன்னாரிடம் இருந்தது என்று நடந்ததை அப்படியே எழுதினால் போதும். சிம்மைப் பற்றி எழுதாமல் மறைக்க மட்டும் கூடாது.

பிறகு கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: விண்ணப்பப் படிவம், விண்ணப்பித்தபோது எடுத்த செல்ஃபி, 60,000 எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற விவரம். அந்த செல்ஃபியில் இருப்பது யார் முகம், பணம் யார் கணக்கில் விழுந்தது என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். கடன் இருக்கும் ஒவ்வொரு அறிக்கையிலும் ஆட்சேபம் பதியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நிறுவனம் அசையாவிட்டால், அதே 30 நாளுக்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் இல்லை. 15,000 கொடுத்தால் சிபிலைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வருகிறவர்கள் செய்வதும் இதே ஆட்சேபம்தான். அதற்கும் உங்கள் ஓடிபியைத்தான் கேட்பார்கள்.

மாமியாருக்குக் கணக்கு சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள். 25 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் தவணை சுமார் 21,700. பெயர் கெட்டு, 10.5 சதவீதத்துக்குத் தருகிற நிறுவனத்திடம் போனால் சுமார் 24,950. மாதம் 3,250 கூடுதல், 240 மாதத்துக்கு 7.8 லட்சம். இன்னொரு விதமாகப் பாருங்கள். சம்பளத்தில் பாதி, 24,000 வரை தவணைக்கு அனுமதிக்கும் வங்கியில் உங்களுக்கு 27 லட்சம் வரை கிடைக்கும். இந்த இரண்டு கடன்களுக்குமாக மாதம் 8,500 என்று வைத்துக் கழித்தால் 18 லட்சத்துக்கும் கீழே வந்துவிடும். ஒரு போனுக்காக வீட்டில் ஓர் அறை குறைகிறது. அவருக்கு உதவியே தீர வேண்டும் என்றால் 20,000 ரொக்கமாகக் கொடுத்து, திரும்பி வராது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையும் கையெழுத்தும் கூடாது.

இன்சூரன்ஸ்? பாலிசியை முழுதாக வாங்கி ‘விலக்குகள்’ பக்கத்தைப் படியுங்கள். நீங்களே ஓடிபி சொன்னது, வீட்டு ஆட்கள் செய்தது இரண்டும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு நடந்தது அந்த இரண்டும்தான். பிரீமியத்துக்கு வைத்த பணம் போன் கடனை அடைக்கப் போகட்டும்.

இனி எங்கே நகல் கொடுத்தாலும் முதல் எட்டு இலக்கங்கள் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். பான் நகலின் குறுக்கே, எழுத்துகள் படத்தின் மேல் ஏறும்படி, யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று பேனாவால் எழுதுங்கள். செராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுத்தால் உங்கள் போனில் அழிப்பது போதாது. கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் அந்தப் படம் தங்கிவிடும். நின்று அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கடனுக்கு இப்போது வேறு வங்கிகளில் கேட்டுப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணைப் பகுதியில் ஏறி மதிப்பெண்ணைக் குறைக்கும். கடன் நிறுவனங்கள் இப்போது மாதத்தில் குறைந்தது இரண்டு முறையாவது சிபில் போன்ற நிறுவனங்களுக்கு விவரம் அனுப்ப வேண்டும். ஆகவே போன் கடனைக் கட்டி ஒரு மாதம் கழித்து அறிக்கையைப் பாருங்கள். அது ‘குளோஸ்டு’ ஆகி, ஆப் கடனும் நீங்கிய பிறகு, தடையின்மைச் சான்று, சிஎஸ்ஆர் நகல், ஆட்சேபத்துக்கு வந்த பதில் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு, சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்கு முதலில் போங்கள்.