'பாக்கலாமுங்க' என்பதைப் பிரெஞ்சில் எப்படி எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) இருக்கிறேனுங்க. பிரான்ஸில் ரூபே ஊர்க்காரர் ஒருவர் புதிய பையராக (சரக்கு வாங்குபவராக) வந்திருக்கிறார். மெயில் எல்லாம் பிரெஞ்சிலேயே வேண்டும் என்கிறார். எங்க எம்.டி. ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். இந்த விலைக்கு ஒத்துக்கொள்ள 'ஹெசிட்டண்ட்'. மார்ச் 20 'டென்டேட்டிவ்' தேதி. சாயப்பட்டறையில் 10 நாள் 'டிலே'. சரக்கு 'ஈவென்ச்சுவலி' இரண்டு லாட்டாக (தொகுதியாக) வரும். ஒரு மொழிபெயர்ப்பு சென்டரில் கொடுத்து, சீல் போட்டு வாங்கி அனுப்பினோம். "சரக்கு வரும் என்பதே நிச்சயமில்லையா?" என்று அவர் திருப்பிக் கேட்கிறார். தயக்கத்தைச் சொல்லப் பிரெஞ்சில் சரியான வார்த்தை எதுங்க?

பதில்: தயக்கத்துக்கு வார்த்தை கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தைக் கெடுத்தது அந்த வார்த்தை அல்ல, மற்ற மூன்றும்தான். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுத்து ஏறக்குறைய ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் சொற்களைப் பிரெஞ்சுக்காரர்கள் 'போலி நண்பர்கள்' என்பார்கள். நிச்சயமின்மை, தாமதம், சந்தேகம் பற்றிய சொற்களில் இந்தப் போலிகள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. சென்டர்காரர் எழுத்தைப் பார்த்தார், அப்படியே இறக்கி வைத்துவிட்டார். (கீழே பிரெஞ்சுச் சொற்களின் ஒலியை மட்டும் தமிழில் தருகிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

'டென்டேட்டிவ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தற்காலிகமானது, இன்னும் உறுதியாகாதது என்று பொருள். அதே எழுத்தில் பிரெஞ்சில் வரும் 'தான்தத்தீவ்' என்றால் முயற்சி. தோற்றாலும் தோற்கலாம் என்ற வாடை அடிக்கிற முயற்சி. 'டிலே'யை அப்படியே மாற்றினால் 'தெலே' ஆகும். அது தாமதம் இல்லை, ஒரு வேலைக்குக் கொடுக்கப்பட்ட கால அளவு. 10 நாள் 'தெலே' என்று படிப்பவர், உங்கள் சரக்கு 10 நாளில் தயாராகிவிடும் என்று எடுத்துக்கொள்வார். 'ஈவென்ச்சுவலி' என்றால் ஆங்கிலத்தில் கடைசியில் எப்படியும் நடக்கும் என்று பொருள். பிரெஞ்சின் 'எவான்துவெல்மான்' என்பதற்கோ நடந்தாலும் நடக்கலாம், அவ்வளவுதான். இப்போது அந்தப் பையர் இடத்தில் உட்கார்ந்து கடிதத்தைப் படியுங்கள். மார்ச் 20 அன்று முயன்று பார்ப்போம், எங்களுக்குத் தேவை 10 நாள், இரண்டு லாட்டாக வந்தாலும் வரலாம். அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

மாற்று எளிது. தேதிக்கு 'புரொவிஸ்வார்' (தற்காலிகம்) என்று எழுதலாம். அதைவிட, 'தாத் பிரெவ்யூ' (திட்டமிட்ட தேதி) என்று எழுதி, பக்கத்தில் 'அ கோன்ஃபிர்மே' (உறுதி செய்யப்பட வேண்டியது) என்று சேர்ப்பது வியாபாரக் கடிதத்துக்கு அழகு. தாமதத்துக்கு 'ரத்தார்'. 'ஈவென்ச்சுவலி'க்கு மாற்றுச் சொல் தேடவே வேண்டாம், அதை அடித்துவிட்டு முதல் லாட் எந்தத் தேதி, எத்தனை பீஸ், இரண்டாவது எந்தத் தேதி, எத்தனை பீஸ் என்று எழுதுங்கள். தேதி போட்ட இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை கிடையாது.

இனி தயக்கத்துக்கு வருவோம். மொழிபெயர்க்கக் கொடுப்பதற்கு முன், ஆங்கில வரியை மூடி வைத்துவிட்டு உங்கள் எம்.டி.யிடம் தமிழில் கேளுங்கள்: "இது தயக்கமா, மனசில்லையா, இல்லை முடியாது என்பதா?" நம் பக்கத்தில் 'பாக்கலாமுங்க' என்ற ஒரே சொல்லில் இந்த மூன்றையும் சொல்லிவிடுவோம். எதிரில் இருப்பவர் முகத்தையும் குரலையும் வைத்துப் புரிந்துகொள்வார். மெயிலில் முகம் கிடையாது. பிரெஞ்சில் மூன்றுக்கும் மூன்று வழி இருக்கிறது.

இன்னும் யோசனையில் இருக்கிறீர்கள் என்றால் 'எஸித்தே' என்ற வினை. முதல் எழுத்து ஹெச், ஆனால் ஒலிக்காது. அதன் பின் இன்னொரு வினை வந்தால் நடுவில் 'அ' என்ற இணைப்பு வரவேண்டும், 'த' போடக் கூடாது. இரண்டு துணிக்கு நடுவே தடுமாறுகிறீர்கள் என்றால் 'எஸித்தே ஆந்த்ர்'. இந்தச் சொல்லை விலைக்குப் பயன்படுத்தினால், கொஞ்சம் தள்ளினால் ஒத்துக்கொள்வீர்கள் என்று பையர் படிப்பார், தள்ளவும் தள்ளுவார். யோசித்துவிட்டீர்கள், ஆனால் விருப்பமில்லை என்றால் 'ரெத்திசான்'. ஆங்கிலத்தில் இதே எழுத்தில் உள்ள சொல் அதிகம் பேசாதவரைக் குறிக்கும், அதை இங்கே கொண்டுவராதீர்கள். முடியவே முடியாது என்றால் 'நூ ந பூவோன் பா' (எங்களால் முடியாது) என்று தொடங்கி நேரே எழுதுங்கள். காரணத்தை அடுத்த வாக்கியத்திலேயே கொடுத்துவிட்டால் அது முரட்டுத்தனமாகப் படாது. நூல் விலை ஏறிவிட்டது என்று தயங்கித் தயங்கி எழுதி, நஷ்ட விலைக்கு ஆர்டரைத் தலையில் கட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு. மனத்தில் தயக்கமே இல்லை, ஆனால் முடிவு உங்கள் கையில் இல்லை. மில்லிலிருந்து நூல் வரவேண்டும், பட்டறையில் லாட் இறங்கவேண்டும். இதைத் தயக்கம் என்று எழுதுவதுதான் ஏற்றுமதிக் கடிதங்களில் நடக்கும் பெரிய பிழை. 'சூ ரெஸெர்வ் த' (இன்னதற்கு உட்பட்டு) என்று தொடங்கி அந்த நிபந்தனையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். இன்னது நடந்தால் இன்ன தேதி என்று அவருக்குத் தெளிவாகிவிடும்.

அகராதியில் தயக்கம் என்று தேடினால் 'தெர்ஜிவெர்ஸே', 'அதெர்ம்வாமான்' போன்ற சொற்களும் வரும். அவற்றைத் தொடாதீர்கள். முதலாவது சாக்குச் சொல்லி நழுவுவது. இரண்டாவது இழுத்தடிப்பு, கடன் வாங்கியவருக்குத் தவணை நீட்டிக் கொடுப்பதில் பிறந்த சொல். இவை பையர் உங்கள்மேல் குற்றமாகச் சொல்லும் வார்த்தைகள். அவர் மெயிலில் வந்தால் அவர் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வரும் பதிலை அவர்கள் 'நார்மண்டிக்காரர் பதில்' என்பார்கள். அந்த வார்த்தை வந்தாலும் உங்களைத்தான் சொல்கிறார்.

ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று போகவேண்டும், ஏனென்றால் தமிழ் பேசுகிறவர்கள்தான் அங்கே அதிகம் சறுக்குகிறார்கள். நமக்குச் 'சந்தேகம்' என்பது ஒரே சொல். "ஷேட் (சாய நிறம்) மேட்ச் ஆகுமான்னு சந்தேகம்" என்றால் மேட்ச் ஆகாது என்ற பக்கம் சாய்கிறோம். "ஷேட் மாறியிருக்கும்னு சந்தேகம்" என்றால் மாறியிருக்கிறது என்ற பக்கம் சாய்கிறோம். முன்னதில் 'ஆ' என்ற கேள்வி ஒட்டு, பின்னதில் 'என்று'. அந்தச் சின்ன ஒட்டுதான் நமக்கு வித்தியாசம் காட்டுகிறது. பிரெஞ்சில் வினையே மாறும். முன்னதற்கு 'தூத்தே'. பின்னதற்கு 'ஸ தூத்தே', அதாவது அதே வினைக்கு முன்னால் தன்னைக் குறிக்கும் ஒரு குட்டிச் சொல். அந்தக் குட்டிச் சொல் சேர்ந்தால் பொருள் ஏறக்குறைய தலைகீழாகிவிடும்: நடக்காது என்று நினைப்பது போய், நடந்திருக்கும் என்று ஊகிப்பது வந்துவிடும். 'ஜ தூத்' என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. 'ஜ மான் தூத்' என்றால் எனக்கு அது அப்போதே தெரியும் என்கிற மாதிரி. உங்கள் லேப் டிப் (சாயம் சரியா என்று பார்க்க அனுப்பும் மாதிரித் துணி) பார்த்துவிட்டுப் பையர் இரண்டாவது வாக்கியத்தை எழுதினால் அவர் உங்களை நம்பவில்லை என்று பதற வேண்டாம், நீங்கள் சொன்ன சிக்கலை அவர் எதிர்பார்த்தார் என்று பொருள். நீங்கள் எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 'தூத்தே'யை அடுத்து வரும் துணை வாக்கியத்தில் வினை வேறு வடிவம் எடுக்கும், 'ஸ தூத்தே'க்குப் பின் சாதாரண வடிவமே போதும். இலக்கணப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மொழிபெயர்த்தவரிடம் "இங்கே வினை மாறியிருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர் விழித்தால் ஆளை மாற்றுங்கள்.

அதே குடும்பத்தில் 'சான் தூத்' என்று ஒன்று. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'சந்தேகமில்லாமல்'. நடைமுறையில் 'அநேகமாக'. பையர் 'சான் தூத்' அடுத்த ஆர்டர் தருவோம் என்று எழுதினால், அதை நம்பி நூல் வாங்கி அடுக்காதீர்கள். நடுவில் 'ஒகன்' சேர்ந்து 'சான்ஸ் ஒகன் தூத்' என்று வந்தால்தான் நிச்சயம். 'டெஃபனிட்லி'யை நினைத்து 'தெஃபினித்தீவ்மான்' என்று எழுதிவிடாதீர்கள், அது 'இனி எப்போதைக்கும்'. "கட்டாயம் நிறுத்திவிடுகிறோம்" என்று ஒரு ஸ்டைலைப் பற்றி எழுத நினைத்தது, அந்தத் துணியை இனி ஒருபோதும் செய்யமாட்டோம் என்று போய்ச் சேரும்.

எல்.சி. (பையரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்) வழியாகப் பணம் வருகிறது என்றால் மழுப்பல் சொல்லுக்கே சட்டம் உண்டு. 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ள யு.சி.பி. 600 என்ற பன்னாட்டு எல்.சி. விதிகளுக்கு உட்பட்ட எல்.சி.யில், அளவுக்கோ தொகைக்கோ ஒரு பீஸ் விலைக்கோ முன்னால் 'ஏறத்தாழ' என்ற பொருளில் 'அபவுட்' வந்தால் 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். தேதிக்கு முன் 'ஆன் ஆர் அபவுட்' வந்தால் அந்தத் தேதிக்கு 5 நாள் முன்னிருந்து 5 நாள் பின்வரை, இரு எல்லை நாட்களும் சேர்த்து. 'உடனடியாக', 'கூடிய விரைவில்' போன்றவை ஏதாவது ஆவணத்திலேயே இடம்பெற வேண்டும் என்று கேட்கப்பட்டால் தவிர, வங்கி கண்டுகொள்ளாது. மெயிலில் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. மெயிலில் 'ஏறத்தாழ' என்று எழுதினால் அதற்கு எவ்வளவு என்று முடிவு செய்வது பையர்தான், தேதி தவறினால் ஏர் ஃபிரைட் (விமானத்தில் அனுப்பும் செலவு) உங்கள் தலையில்.

சீல் விஷயத்துக்கு வருகிறேன், கோபத்தோடுதான் வருகிறேன். வியாபார மெயிலுக்கு சீல் தேவையே இல்லை. நோட்டரி முத்திரை, மொழிபெயர்ப்பு சரி என்பதற்குச் சான்று ஆகாது. கையெழுத்துப் போட்டவர் யார் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். பிரான்ஸ் அரசு அலுவலகங்கள் கேட்கும் பிரமாண மொழிபெயர்ப்பாளர் வேறு, அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் பட்டியலில் பெயர் உள்ளவர். பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றுக்கு அவர் வேண்டும், பனியன் விலைக்கு வேண்டாம். பக்கத்துக்கு இவ்வளவு, சீலுக்கு இவ்வளவு என்று வாங்கும் பல கடைகளில் நடப்பது, கம்ப்யூட்டரில் போட்டு எடுப்பதும் அச்சடிப்பதும்தான். உங்கள் காஸ்டிங் ஷீட் (விலைக் கணக்கு) அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும், அடுத்த கம்பெனிக்காரரும் அதே கடைக்குத்தான் வருவார். இதை யாரும் யோசிப்பதில்லை.

இடையில் கமிஷன் ஏஜெண்ட் மொழிபெயர்த்துக் கொடுக்கிறார் என்றால் இன்னும் கவனம். ஆர்டர் முடிந்தால்தான் அவருக்குக் காசு. நீங்கள் 'முடியாது' என்றதை 'தயங்குகிறோம்' என்று அவர் மெதுவாக்கி அனுப்பினால், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதற்கு ஒரு சோதனை உண்டு. பிரெஞ்சு வாசகத்தை மட்டும், ஆங்கில மூலத்தைக் காட்டாமல், வேறொருவரிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரில் போட்டாவது திருப்பிப் பாருங்கள். 'எவான்துவெல்மான்' இருந்திருந்தால் 'ஒருவேளை' என்று அங்கேயே காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டு நிமிட வேலை.

பிளஸ் டூவில் மார்க்குக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் எத்தனை பேர்! நூற்றுக்கு நூறை நெருங்கி வாங்கியவர்களால் ஒரு டெலிவரி தேதியைப் பிரெஞ்சில் எழுத முடியவில்லை என்றால் குறை பிள்ளைகளுடையது அல்ல. கோடிட்ட இடத்தை நிரப்பவைத்து அனுப்பிய பாடத்திட்டத்துடையது. துணி வாங்குகிறவர் மொழியைச் சொல்லிக்கொடுக்க, பின்னலாடைக்குப் பேர்போன ஊரில்கூட அவசரம் தோன்றவில்லை.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது: பழைய மெயிலுக்குப் பதிலாகவே ஒரு திருத்தம் அனுப்புங்கள். புது மெயிலாக அனுப்பினால் இரண்டும் அவரிடம் தனித்தனியே நிற்கும், எது செல்லும் என்ற குழப்பம் கூடும். முதல் வரியில், முந்தைய கடிதத்தில் மொழிபெயர்ப்புப் பிழை, இதுவே செல்லும் என்று எழுதுங்கள். அடுத்து, சரக்கு நிச்சயம் வரும் என்பதை 'நூஸ் எக்ஸ்பெதியெரோன்' (நாங்கள் அனுப்புவோம்) என்று எந்த ஒட்டும் இல்லாமல் எழுதி, இரண்டு லாட்டுக்கும் தேதியும் பீஸ் கணக்கும் கொடுங்கள். சாயப்பட்டறையில் ஆனது 10 நாள் 'ரத்தார்'. மார்ச் 20 அந்தத் தாமதத்தைச் சேர்த்த தேதியா சேர்க்காததா என்பதை எம்.டி.யிடம் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள், உங்கள் கேள்வியிலேயே அது தெளிவாக இல்லை. விலை வரியை மட்டும், தயக்கமா, மனசில்லையா, முடியாதா என்ற மூன்றில் எது என்று எம்.டி. தமிழில் சொல்லும்வரை காலியாக வைத்திருங்கள்.