மான் வேட்டைக்கு 'பர்மிட்' எடுத்துத் தருகிறாராமே!

கேள்வி: எனக்கு 14, 16 வயதில் இரண்டு பொடியன்கள். மான் வேட்டைக்குப் போகவேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. காசு கொடுத்தால் வேட்டை பர்மிட் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? - ஹட்டன் வாசகர்

பதில்: ஐந்து சதமும் கொடுக்காதீர்கள். மரை என்கிற பெரிய மானோ புள்ளிமானோ, பொழுதுபோக்குக்காகச் சுடுவதற்கு இலங்கையில் பர்மிட் கிடையாது. வனவிலங்குகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் 1937 இலிருந்தே இருக்கிறது. இறைச்சியை மட்டும் வாங்கி வைத்திருந்தாலும் வழக்குத்தான்.

அவர் காட்டும் தாளை வாங்கிப் பாருங்கள். யாரோ ஒருவருடைய துவக்கு லைசன்ஸின் போட்டோ கொப்பியாக இருக்கலாம். அது துவக்கை வைத்திருக்கத் தந்த லைசன்ஸ், மரையைச் சுடத் தந்தது அல்ல. தாள் சிங்களத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இலேயே எழுதியாயிற்று. இன்னும் தோட்டத்துச் சனம் ஒரு தாளை வாசிக்க ஆள் தேடித் திரிகிறது. தரகருக்குப் பிழைப்பு நடப்பதே அதனால்தான்.

"துவக்கு வேண்டாம், பன்றிக்குக் கம்பிக் கண்ணி கட்டுவோம், மான் விழுந்தால் நம் அதிர்ஷ்டம்" என்பார் அடுத்து. அதற்கும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பிரேக் கேபிளில் போட்ட சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. இடுப்பில் மாட்டினால் இழுக்க இழுக்க இறுகும். வெளியே சின்னக் காயம், உள்ளே உறுப்புகள் நசுங்கியிருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டும் சில நாட்களில் செத்துப்போனது. "பன்றிக்குத்தான் கட்டினேன்" என்பதை நீதிமன்றத்தில் சொல்லித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள்.

பொடியன்களை மரை பார்க்க ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். அந்தக் காலத்தில் மரையை நாய்விட்டு வேட்டையாடிய வெள்ளைக்காரர் சாமுவேல் பேக்கரின் பெயர்தான் அங்குள்ள நீர்வீழ்ச்சிக்கும். டிக்கட்டை வனஜீவராசிகள் திணைக்களத்திடமே வாங்குங்கள், வான்காரரிடம் அல்ல. காலை ஆறு மணிக்கே வாசலில் நில்லுங்கள். இரவெல்லாம் புல்வெளியில் மேய்ந்த மரை வெயில் ஏறக் காட்டுக்குள் போய்விடும். சரசரக்கும் மழைக்கோட்டு வேண்டாம், கம்பளிச் சட்டை போதும்.

காய்ந்த புல்லைக் கசக்கி ஊதச் சொல்லுங்கள். தூள் உங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால் காற்று எதிரே வருகிறது, மரைக்கு உங்கள் வாடை போகாது. பாதையை விட்டு இறங்காமலே ஈரமண்ணில் பிளந்த குளம்படியைத் தேடலாம். விளிம்பு உதிராமல் கூராக இருந்தால் தடம் புதிது. கார் தரிப்பிடத்தில் வந்து நிற்கும் மரைக்கு பிஸ்கட் நீட்ட விடாதீர்கள், உறையையும் சேர்த்து விழுங்கும். முன்காலால் தரையைத் தட்டி வாலைத் தூக்கினால் முதுகு காட்டி ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள்.