டெவலப்பர் டீமுக்கு ஓகேஆர் போடலாமா, ஸ்மார்ட் கோலே போதுமா?

நீங்க கேட்டது புரியுது, புதுசா லீட் ஆகியிருக்கீங்க, ஆறு பேர் டீம், ஸ்மார்ட் கோல் (தெளிவா, அளக்கற மாதிரி, தேதி வச்சு எழுதற இலக்கு) ஏற்கனவே இருக்கு, மேனேஜர் ஓகேஆர் (ஒரு பெரிய அப்ஜெக்டிவ், அதுக்கு எவ்வளவு பக்கம் வந்தோம்னு அளக்க சில கீ ரிசல்ட்) போடுன்றாரு. நான் பெங்களூர்ல பெல்லந்தூர் பக்கம் பேக்கெண்ட் டீம் பாத்துக்கறேன், ரெண்டுலயும் வேலை பாத்திருக்கேன். எது பெஸ்ட்னு தேடறதுக்கு முன்னாடி அந்த கோல் அப்ரைசலோட ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க, பாதி பதில் அதுலயே கிடைச்சிரும்.

முன்னாடி இருந்த கம்பெனில எல்லாருக்கும் ஒரே கோல், மார்ச்சுக்குள்ள டெஸ்ட் கவரேஜ், அதாவது டெஸ்ட் போடறப்ப ஓடற கோட், 80 சதவீதம் வரணும், ரேட்டிங்கும் அத வச்சுதான். அளக்கலாம், தேதி இருக்கு, ஸ்மார்ட்ல ஒரு குறை சொல்ல முடியாது. மார்ச்ல 80 வந்துருச்சு. அப்புறம் உள்ள போய் பாத்தா நெறைய டெஸ்ட்ல அசர்ட்டே இல்ல, அதாவது வந்த விடை சரியான்னு பாக்கற வரியே இல்ல, ஃபங்ஷன கூப்பிட்டு அப்படியே விட்டிருக்காங்க, லைன் ஓடுச்சான்னுதான் கவரேஜ் டூல் பாக்கும், சரியா ஓடுச்சான்னு அதுக்கு எப்படி தெரியும்? அடுத்த மாசமே ஒரு கஸ்டமருக்கு ரீஃபண்ட் ரெண்டு தடவ போச்சு, அதே கோட்ல. எழுதுன பசங்க மேல எனக்கு கோவம் வரல. சம்பள ஹைக்க ஒரு நம்பர்ல கொண்டுபோய் கட்டிட்டா, வீட்டு லோன் கட்டறவன் அந்த நம்பரத்தான பாப்பான்.

ஓகேஆர் இன்டெல்ல ஆண்டி க்ரோவ் கொண்டுவந்தது, 1999ல முதலீட்டாளர் ஜான் டோர் கூகுளுக்கு சொல்லிக்குடுத்தாரு. அங்க 1க்கு 0.7 எடுத்தாலே நல்ல ஸ்கோர், எப்பவும் 1 வருதுன்னா இலக்க சின்னதா வச்சிருக்கோம்னு எடுத்துப்பாங்க. உங்க ஆபீஸ்ல 0.7 காட்டுனா மீதி 0.3 எங்கன்னு கேப்பாங்கன்னா, தயவுசெஞ்சு அங்க ஓகேஆர் வேணாம், எல்லாரும் பயந்துகிட்டு ஈஸியானதத்தான் எழுதுவாங்க.

சப்போர்ட் டிக்கெட், ஆன்கால்னு (சிஸ்டம் எப்ப விழுந்தாலும் எடுத்து சரி பண்ற முறை) வாரம் பூரா ஓடற டீமுக்கும் ஓகேஆர் ஒத்துவராது. எங்களது அப்படித்தான், அதனால டோரா மெட்ரிக்ஸ்ல (சாஃப்ட்வேர் டீம் எவ்வளவு நல்லா டெலிவர் பண்ணுதுன்னு அளக்கற சில அளவுகள்) லீட் டைம் ஒண்ண மட்டும் எடுத்தோம், அதாவது கமிட் பண்ண கோட் ப்ரொடக்‌ஷன் போக, கஸ்டமர் கைக்கு வர, எத்தன நாள் ஆகுதுன்னு. ஆளாளுக்கு இல்ல, மொத்த டீமுக்கும் சேத்து. ஒன்பது நாள் ஆச்சு. எங்கடா நிக்குதுன்னு தேடுனா மூணு டீமுக்கு டெஸ்ட் பண்ண ஒரே க்யூஏ என்விரான்மென்ட், அங்க க்யூல நின்னே அஞ்சு நாள் போகுது! இன்னொன்னு கேட்டு வாங்குனோம், நாலு நாளா குறைஞ்சுது, யாரும் வேகமா கோட் எழுதல.

ஸ்மார்ட்ட நான் விடல, ஒருத்தரோட சொந்த வளர்ச்சிக்கு வச்சுக்கறேன், ஜூன்குள்ள தனியா ஆன்கால் எடுக்கணும்ன்ற மாதிரி.

உங்க மேனேஜர்கிட்ட இத நேராவே கேளுங்க, "ஓகேஆர் ஸ்கோர் ரேட்டிங்குக்கு போகுமா சார்?" போகாதுன்னா, புது ப்ராடக்ட் வேலையா இருந்தா, ஒரே ஒரு அப்ஜெக்டிவ், மூணு கீ ரிசல்ட், ஒரு குவாட்டர் ஓட்டிப் பாருங்க. போகும்னா இருக்கற ஸ்மார்ட்டே இருக்கட்டும், ஆனா என்ன எழுதணும்னு அந்த ஆறு பேரையும் உக்கார வச்சு அவங்க வாயாலயே சொல்ல வைங்க.