அப்ரண்டிஸைத் தேடும் முன் வாத்தியாரைத் தேடுங்கள்

கேள்வி: சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். லேத் ஓட்டும் அனுபவமுள்ள டர்னர்கள் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார்கள். பக்கத்துப் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவர்களை அப்ரண்டிஸாக அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் போன வருடம் வந்த பையன் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையோ? எப்படி ஆள் எடுப்பது, எப்படிப் பழக்குவது?

பதில்: அந்த இரண்டு மாதமும் பையன் என்ன வேலை பார்த்தான் என்று நீங்கள் எழுதவில்லை. பல பட்டறைகளில் நடப்பதுதான் அங்கேயும் நடந்திருக்கும்: பிசிறு கூட்டியிருப்பான், சாமான் தூக்கியிருப்பான், மீதி நேரம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருப்பான். பொறுமைசாலிகூட ஓடித்தான் போவான். முடிந்தால் அவனையே கூப்பிட்டுக் கேளுங்கள். திட்டாமல் கேட்டால் சொல்லுவான்.

மாணவரைத் தேடுவதற்கு முன், யார் சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்று முடிவு செய்யுங்கள். உங்கள் பட்டறையின் மிகச் சிறந்த டர்னராக அவர் இருக்க வேண்டியதில்லை. சிறந்தவர்களுக்கு வேலை கையோடு ஊறிப்போயிருக்கும். கேட்டால் ‘செய்யச் செய்ய வரும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஜெர்மனியில் அப்ரண்டிஸைப் பழக்குபவர்கள் தொழில் அறிவோடு, கற்பிக்கத் தெரியும் என்பதற்கும் பொதுவாகத் தனித்தேர்வு எழுத வேண்டும். உங்களுக்குத் தேர்வெல்லாம் வேண்டாம், ஒன்றை மட்டும் செய்யுங்கள்: சொல்லிக்கொடுக்கும் நேரத்தை அவருடைய வேலைக் கணக்கில் சேருங்கள். தினமும் இத்தனை உருப்படி முடித்தாக வேண்டும் என்று அவர் கழுத்தில் கத்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு பிள்ளையையும் நிறுத்தினால், அந்தப் பிள்ளை அவருக்குத் தொந்தரவாகத்தான் தெரியும்.

அப்புறம் ஆள் எடுப்பது. மதிப்பெண்ணை ரொம்பப் பார்க்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் மாணவர்கள் அப்ரண்டிஸாகச் சேருவதற்கு முன் சில நாள் அந்த இடத்துக்கே வந்து பழகிப் பார்ப்பார்கள். நல்ல ஏற்பாடு. எடுத்த கருவியைத் திருப்பி வைக்கிறாரா, புரியாததைக் கேட்கிறாரா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இந்தச் சத்தமும் எண்ணெய் வாடையும் ஒத்துவருமா என்று அவருக்கும் தெரிந்துவிடும். பெற்றோரையும் ஒருநாள் உள்ளே அழைத்துச் சுற்றிக்காட்டுங்கள்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, ஆபத்தான வேலைக்குக் குறைந்தபட்ச வயது 18. தகுந்த பயிற்சியும் முழுப் பாதுகாப்பும் இருந்தால் 16 முதல் அனுமதிக்கலாம் என்று அதிலேயே விலக்கும் உண்டு. எந்த இயந்திரத்தில் எந்த வயதினர் கை வைக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர் விதி என்ன என்பதை, பள்ளியோடு கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை வேகமாகப் பழக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். நான்கே படிதான், இன்றைக்கும் செல்லும். நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில், அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். பள்ளி ஆய்வகத்தில் தொட்டிருப்பார். அடுத்து, செய்துகாட்டுங்கள்: பிரதான அளவுகோலில் 24, வெர்னியரில் 17-வது கோடு நேராக நிற்கிறது, ஒரு கோட்டுக்கு 0.02, ஆக 24.34 மில்லிமீட்டர். வெர்னியரின் பூஜ்யக் கோட்டைப் பார்க்காமல் வெர்னியர் தகட்டின் விளிம்பைப் பார்த்துப் படிப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. தாடையை இறுக்கி அழுத்துவது இன்னொன்று. இரண்டையும் காரணத்தோடு முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்றாவதாக, அவரே அளக்கட்டும், என்ன செய்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. எங்கே குழம்புகிறார் என்பது அப்போதுதான் வெளியே வரும். கடைசியாகத் தனியே விடுங்கள். முதலில் அடிக்கடி போய்ப் பாருங்கள், போகப்போகக் குறையுங்கள். கற்றுக்கொள்பவர் கற்கவில்லையென்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அந்தத் திட்டத்தின் கொள்கை. உங்கள் டர்னர்களுக்குக் கசக்கலாம்.

பாதுகாப்பு மட்டும் இதற்கெல்லாம் முன்னால். சக் என்பது லேத்தில் உருப்படியைப் பிடித்துச் சுழற்றும் பகுதி; அதை இறுக்கும் சாவி சக்கில் இருக்கும்வரை கை அந்தச் சாவியை விட்டு எடுபடக் கூடாது. சுழலும் லேத்தின் பக்கத்தில் கையுறை, தொங்கும் சட்டைக்கை, விரித்த முடி எதுவும் ஆகாது. இதை மீறுகிற மூத்தவர் யாராவது இருந்தால் முதலில் அவரைத் திருத்துங்கள். பிள்ளைகள் அவரைப் பார்த்துத்தான் பழகுவார்கள்.

சம்பளம் கொடுங்கள், திறமை ஏற ஏற அதையும் ஏற்றுங்கள். தேர்வு வாரங்களில் வேலைக்குக் கூப்பிடாதீர்கள். போட்ட பணம் திரும்புமா என்ற கவலை இருக்கும். ஆரம்பத்தில் செலவுதான். சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வுகளில், பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பயிற்சிக்காலம் முடிவதற்குள் செலவு திரும்பிவிடுகிறது. காரணம், கடைசி ஆண்டுகளில் அப்ரண்டிஸ் விற்கக்கூடிய பொருளைத் தன் கையால் செய்கிறார். துடைப்பத்தைக் கொடுத்து வைத்திருந்தால் அந்தக் கட்டம் வரவே வராது.

இன்னொன்று: ஒருவரை மட்டும் எடுக்காதீர்கள், இருவராக எடுங்கள். ஐம்பது வயதுக்காரர்கள் நடுவில் பதினாறு வயதுப் பிள்ளை தனியாக இருந்தால் பேசவே ஆள் இருக்காது. பள்ளி விடுமுறையில் தொடங்கினால், பாடச்சுமை இல்லாமல் முதல் சில வாரம் நிதானமாகப் பழகிக்கொள்வார்கள்.