மார்ச் கையிருப்பை நம்பி மாந்தோப்பு வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். வயது 38. பதினோரு வருடமாக நார்வேயில் இருக்கிறேன், இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். நான்கு வருடமாக லில்லஹாமரில் சின்னதாக ஒரு கடை நடத்துகிறேன். பனியில் நெடுந்தூரம் போகும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீகளுக்கு (பனிச்சறுக்குப் பலகைகளுக்கு) மெழுகு ஏற்றி, அடிப்பாகத்தைச் சரிசெய்து கொடுக்கும் கடை. நவம்பர் முதல் மார்ச் வரை காலை 5 மணிக்குத் திறந்தால் மூடுவதற்கு ராத்திரி 9 ஆகிவிடும். கோடையில் சைக்கிள் சர்வீஸ் பார்க்கிறேன். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அவர் சம்பளம் வீட்டு வாடகைக்கும் பிள்ளைக்கும் சரியாகப் போய்விடுகிறது. மார்ச் கடைசியில் கடைக் கணக்கில் 3,20,000 குரோனர் இருந்தது. நம் பணத்தில் 25 லட்சத்துக்கு மேல். ஊரில் எங்கள் பங்காளி ஒருவர் இரண்டு ஏக்கர் மாந்தோப்பை 50 லட்சத்துக்குக் கொடுக்கிறேன் என்கிறார். பாதிப் பணம் கொடுத்து அப்பா பெயரில் பதிவு செய்துகொண்டு, மீதியை இரண்டு வருடத்தில் தந்தால் போதுமாம். இன்னொரு பக்கம், ஸ்கீயின் அடிப்பாகத்தைக் கல்லில் தீட்டும் பழைய மெஷின் ஒன்று 4 லட்சம் குரோனருக்கு வருகிறது. பாதி முன்பணம் கேட்கிறார்கள். எதில் போடலாம்?

பதில்: தம்பி, உங்கள் கேள்வி வந்த பிறகு இரண்டு முறை போனில் பேசினோம், நீங்களும் நான்கு வருடக் கணக்கை அனுப்பி வைத்தீர்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

போனில் உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் சொன்னது என் மனதில் அப்படியே நிற்கிறது. சின்ன இஸ்திரிப்பெட்டி மாதிரி ஒன்றை 140 டிகிரிக்குச் சூடாக்கி, மெழுகுக் கட்டியை அதில் அழுத்தி, ஸ்கீயின் அடியில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தேய்க்கிறீர்கள். பெட்டி ஒரே இடத்தில் நின்றால் அடிப்பாகம் கருகிவிடும் என்பதால் கை நிற்கவே கூடாது. ஆறியதும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுகிறீர்கள். காலடியில் மெழுகுச் சுருள் குவிந்து கிடக்கும் என்றீர்கள். பிறகு நைலான் தூரிகையால் துலக்குகிறீர்கள். "இவ்வளவையும் சுரண்டிப் போடவா தடவினீர்கள்?" என்று கேட்டேன். "உள்ள ஊறினதுதான் சார் ஓடும், மேல நிக்கிறது இழுக்கும்" என்றீர்கள்.

அந்த 3,20,000 குரோனரையும் அப்படிச் சுரண்டிப் பார்ப்போம்.

முதலில் வாட் வரி. ஜனவரி, பிப்ரவரிக்கு ஏப்ரல் 10-க்குள் கட்ட வேண்டும், மார்ச், ஏப்ரலுக்கு ஜூன் 10-க்குள். உங்கள் பில்களின்படி இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 45,000. வாடிக்கையாளர் கொடுத்த பணத்தில் இது ஒருநாளும் உங்களுடையதாக இருந்ததில்லை, அரசாங்கத்துக்காக வாங்கி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அடுத்தது வருமான வரி. சொந்தத் தொழில் என்பதால் வருடத்துக்கு நான்கு தவணையாக முன்கூட்டியே கட்டுகிறீர்கள். மிச்சம் இருக்கும் தவணைகளுக்கு 60,000 வேண்டும். பிறகு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதம். கடை வாடகை, மின்சாரம், இன்சூரன்ஸ் மாதம் 14,000. வீட்டுக்கு நீங்கள் எடுப்பது 22,000. மொத்தம் 36,000-ல் சைக்கிள் வேலை கொண்டுவருவது சராசரியாக 15,000. மாதம் 21,000 துண்டு விழுகிறது, ஏழு மாதத்துக்கு 1,47,000. செப்டம்பரில் அடுத்த சீசனுக்கு மெழுகு, தூரிகை, உதிரி எல்லாம் எடுக்கப் போன வருடம் 50,000 செலவழித்திருக்கிறீர்கள்.

எல்லாம் போக நிற்பது 18,000 குரோனர். குரோனர் 8 ரூபாய் என்று வைத்தால் 1,44,000 ரூபாய். நீங்கள் கைவசம் இருப்பதாக நினைக்கும் 25 லட்சத்தில் உங்களுக்கென்று உள்ளே ஊறி நிற்பது இந்த ஒன்றரை லட்சம்தான். பங்காளிக்கு 25 லட்சத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தால் ஜூன் மாதமே வரி கட்டக் கடன் வாங்கியிருப்பீர்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான்கு வருடத்தில் கடன் இல்லாமல் வெளிநாட்டில் ஒரு கடையை நிறுத்தியிருக்கிறீர்கள், அது சாதாரண காரியமில்லை. ஆனால் சீசன் தொழிலில் கையிருப்பு உச்சத்தில் இருக்கும் மாதத்தில் பெரிய முடிவு எடுக்கவே கூடாது. இது நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. சந்தூர் பக்கம் எங்களுக்கும் தோப்பு இருந்தது. பூ விடும்போதே மண்டியில் முன்பணம் வாங்கி, ஜூலையில் கணக்கு முடித்துக் கையில் கட்டாகப் பணம் வரும்போது அப்பா யாருக்கும் இல்லையென்று சொல்ல மாட்டார். தை மாதம் மருந்தடிக்கக் காசு இருக்காது, அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். பிறகு அம்மாதான் அந்தப் பணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதத்துக்கு ஒரு முடிச்சாகத் துணியில் கட்டி வைக்க ஆரம்பித்தார். வளையல் போவது நின்றது.

உங்கள் தொழில் பனியை நம்பியது. லில்லஹாமருக்கு மார்ச்சில் வந்து முடியும் பிர்க்கபெய்னர் பந்தயம், ரெனாவிலிருந்து 54 கிலோமீட்டர், முதுகில் மூன்றரைக் கிலோ சுமையோடு. அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் உங்கள் சீசன் வருமானத்தில் கால்பங்கு வருகிறது என்று கணக்குக் காட்டுகிறது. அந்தப் பந்தயம் 2014-ல் பலத்த காற்றால் நின்றது, 2020-ல் கொரோனாவால் நின்றது. மறுபடியும் ஒரு வருடம் நிற்கும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். இப்போது அந்தப் பணத்தைக் கொண்டுபோய் இன்னொரு வானம் பார்த்த வருமானத்தில் போடப் பார்க்கிறீர்கள். மா ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுக்கும். காய்த்தாலும் விலை நிற்காது. 2025-ல் பெங்களூரா ரக மாங்காய் விலை விழுந்தபோது பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று மரத்திலேயே விட்டவர்களை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பனி பொய்த்த அதே வருடம் இங்கே தோப்பும் கைவிட்டால் இரண்டையும் தாங்க உங்களிடம் மூன்றாவதாக ஒன்றும் இல்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. வாரிசு உரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமிருக்கிறது. "அதான் அப்பா பெயரில் வாங்குகிறேனே" என்கிறீர்கள். அப்பாவுக்கு மனதாரப் பணம் கொடுத்து, அவர் வாங்கினால் தப்பில்லை, மகன் அப்பாவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரியும் இல்லை. ஆனால் அது அப்பாவின் நிலம். பணம் என்னுடையது, அனுபவமும் என்னுடையது, பெயர் மட்டும் அப்பாவுடையது என்று வைத்துக்கொண்டால் பினாமி சட்டத்துக்குள் வந்துவிடும். அப்பா உயில் எழுதாமல் போனால் அம்மா, நீங்கள், உங்கள் தங்கை மூவருக்கும் சம பங்கு. தங்கைக்குப் பங்கு போவது நியாயம்தான். அவருக்குத் தெரியாமல் நீங்கள் மனதுக்குள் "என் தோப்பு" என்று வைத்திருப்பதுதான் பின்னால் குடும்பத்தைப் பிரிக்கும். ஊரில் ஒரு பிடி மண் வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. வீடோ வீட்டு மனையோ உங்கள் பெயரிலேயே வாங்கலாம், தடையில்லை. அதற்கான நேரம் வரும்.

மெஷின் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். இந்த சீசனில் கல்லில் தீட்ட 140 ஜோடி ஸ்கீகளை வெளியே அனுப்பினீர்கள். சொந்த மெஷின் இருந்தால் ஜோடிக்கு 300 குரோனர் கூடுதலாக நின்றிருக்கும் என்பது உங்கள் கணக்கு. வருடம் 42,000. மெஷின் விலை திரும்பி வரவே ஒன்பதரை வருடம். கல்லை அவ்வப்போது வைரமுனையால் சீர்செய்யும் செலவு, இடம், மின்சாரம், கடன் வட்டி எதையும் சேர்க்காமல் சொல்கிறேன். வருடம் 300 ஜோடி தாண்டும்போது மறுபடி பேசுவோம். அதுவரை, 140 ஜோடி கொடுக்கும் வாடிக்கையாளர் என்ற முறையில் அந்தக் கடைக்காரரிடம் மொத்த விலை கேளுங்கள். நீங்கள் இதுவரை கேட்டதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய கவலை. போன பிப்ரவரியில் வலது மணிக்கட்டு வீங்கி மூன்று நாள் தூரிகை பிடிக்க முடியவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். நார்வேயில் சொந்தத் தொழில் செய்பவருக்கு நோயில் படுத்தால் முதல் 16 நாளுக்கு நாவ் என்ற அரசு நல அலுவலகம் எதுவும் தராது, 17-ம் நாளிலிருந்து 80 சதவீதம். மார்ச் முதல் வாரத்திலிருந்து 16 நாள் படுத்தால் உங்கள் வருடமே போய்விடும். கூடுதல் பிரீமியம் கட்டினால் முதல் நாளிலிருந்தே கிடைக்கும்படி செய்துகொள்ளலாம். இந்த வாரமே அதற்கு விண்ணப்பியுங்கள். தோப்பு, மெஷின் எல்லாம் அந்த மணிக்கட்டுக்குப் பிறகுதான்.

மற்றபடி, வரிப் பணத்துக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வார வாட்டை அதில் தள்ளிவிடுங்கள். மாதம் 1-ம் தேதி உங்களுக்கு நீங்களே 22,000 சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் கூட்டம் அலைமோதினாலும் அதே 22,000தான். மிஞ்சுவதை மூன்றாவதாக ஒரு கணக்கில் சேர்த்து, ஆறு மாதச் செலவாக 2,16,000 குரோனர் தனியாக நிற்கும் வரை அங்கேயே வையுங்கள். அதற்குப் பல வருடம் ஆகும். அதன் பிறகு ஊருக்கு அனுப்புவதை என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் அங்கே சம்பாதித்ததை இங்கே போட்டு வைக்கும் கணக்கு) போடுங்கள். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, நார்வே வரிக் கணக்கில் மறக்காமல் காட்ட வேண்டும். கிருஷ்ணகிரியில் பழைய சேமிப்புக் கணக்கை இன்னும் உள்ளூர்க்காரர் போலவே வைத்திருக்கிறீர்கள். அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் உள்நாட்டுப் பணத்துக்கான கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள், தாமதிக்க வேண்டாம்.

சரக்குப் பட்டியலில் ஃபுளோரின் மெழுகுக்கு 30,000 குரோனர் மதிப்புப் போட்டிருக்கிறீர்கள். 2023-24 சீசனிலிருந்து சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு அதைப் பந்தயங்களில் முழுக்கத் தடை செய்துவிட்டது. அந்தப் பெட்டிக்கு இனி மதிப்பு இல்லை. கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, குப்பையில் போடாமல் அபாயக் கழிவாக நகராட்சியிடம் ஒப்படையுங்கள்.

பங்காளியிடம் இன்றே போன் செய்து, இந்த வருடம் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவர் வேறு ஆள் பார்க்கட்டும். ஜூன் 10 வாட் கட்டிய மறுநாள், மூன்று கணக்கிலும் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அங்கிருந்து பார்ப்போம்.