வனவியலில் எம்எஸ்சி படித்தால் என்ன வேலை கிடைக்கும்? தென்னாப்பிரிக்கா சரிப்படுமா?

மேட்டுப்பாளையத்தில் வனவியல் இளநிலை முடிக்கப் போகிறேன், மேலே எம்எஸ்சி படித்தால் என்ன கற்றுக்கொள்வேன், வேலை இருக்குமா, தென்னாப்பிரிக்காவுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிதான். எம்எஸ்சியைத் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தில் முடித்துவிட்டு இப்போது இங்கேயே குவாசூலு-நட்டால் மாகாணத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். மரத் தோட்டங்களை அளந்து, எந்த வருடம் எவ்வளவு மரம் தேறும் என்று கணித்துத் தரும் வேலை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐஎஃப்எஸ் எனும் இந்திய வனப் பணிதான் உங்கள் இலக்கு என்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம். அந்தத் தேர்வுக்கு இளநிலைப் பட்டமே போதும். எம்எஸ்சிக்குச் செலவாகும் இரண்டு வருடத்தைத் தேர்வுக்குப் போடுங்கள்.

இங்கே வனவியல் என்றதும் உள்ளூர்த் தமிழ்க் குடும்பங்களே “குரூகர் பார்க்கிலா வேலை?” என்றுதான் கேட்பார்கள். அது வனவிலங்குப் பூங்கா, வேறு துறை. இந்த நாட்டில் இயற்கைக் காடு மொத்தப் பரப்பில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. வேலை இருப்பதெல்லாம் நட்டு வளர்த்த மரத்தில்: பைன், யூகலிப்டஸ், அப்புறம் நீங்கள் ஊட்டியில் பார்த்திருக்கும் அதே வாட்டில். சுமார் 12 லட்சம் ஹெக்டேர், பெரும்பகுதி ம்புமலாங்கா, குவாசூலு-நட்டால் மாகாணங்களில். காகிதக் கூழுக்கான யூகலிப்டஸ் எட்டு, பத்து வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும். பலகைக்கான பைனுக்கு 25, 30 வருடம் ஆகும்.

என்ன கற்றுக்கொள்வீர்கள் என்றால், என் பதில் கணக்கு. மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சரிவில் நிற்கும் மரம் என்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அளந்து களைத்த குழு நாலு மணிக்கு மேல் பள்ளத்துப் பக்கமே நின்று டேப்பைச் சுற்றும். அங்கிருந்து அளந்தால் டேப் அடிமரத்துப் பக்கம் இறங்கி, விட்டம் கூடிவிடும். 20 சென்டிமீட்டர் மரம் 21 என்று பதிவானால் குறுக்குவெட்டுப் பரப்பு பத்து சதவீதம் ஏறிவிடும். அதை ஆயிரம் ஹெக்டேருக்குப் பெருக்கினால் ஆலைக்கு வராத மரத்தை வரும் என்று எழுதிக் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். இந்தப் பிழையைத் தரவைப் பார்த்தே மோப்பம் பிடிப்பவருக்குத்தான் இங்கே மதிப்பு. புள்ளியியலுக்கான ஆர் கணினி மொழி, வரைபடத் தரவுக்கான ஜிஐஎஸ், லேசரால் அளக்கும் லைடார் எல்லாம் வேண்டும்தான், ஆனால் அவை ஆறு மாதத்தில் வந்துவிடும். எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது வருவதற்குத்தான் ஆய்வேட்டோடு இரண்டு வருடம் மல்லுக்கட்ட வேண்டும்.

இந்த நாட்டின் தனிச் சிறப்பு தண்ணீர்க் கணக்கு. மழை குறைந்த நாடு. தோட்ட மரம் ஓடைத் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது என்று விவசாயிகள் சண்டை பிடித்ததால், ஸ்டெல்லன்பாஷ் பக்கத்தில் யோங்கர்ஸ்ஹூக் பள்ளத்தாக்கில் 1935 முதலே ஓடைகளை அளக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் பைன் நட்டு, பக்கத்துப் பகுதியை அப்படியே விட்டு, ஓடை எவ்வளவு வற்றுகிறது என்று பல பத்தாண்டுகள் பார்த்தார்கள். மரம் வளர வளர ஓடை மெலிந்தது. 1972 முதல் புதிதாக மரத் தோட்டம் போட அனுமதி கட்டாயம். 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் மரத் தோட்டத்தை ‘ஓடை நீரைக் குறைக்கும் செயல்’ என்றே வகைப்படுத்தி, உரிமம் கேட்கிறது. ஆகவே வனவியலும் நீரியலும் சேர்த்துத் தெரிந்தவருக்கு ஆலோசனை நிறுவனங்களில் இடம் உண்டு. நம் ஊரில் “மரம் நட்டால் மழை வரும்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இங்கே அதற்குப் பிறகுதான் கேள்வியே தொடங்குகிறது.

பூச்சி, பூஞ்சை பக்கம் ஆர்வம் என்றால் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஃபாபி ஆய்வு மையத்தைப் பாருங்கள். ஆசியாவிலிருந்து வந்த, மரத்தைத் துளைத்துப் பூஞ்சையைப் பரப்பும் சில மில்லிமீட்டர் நீள வண்டு ஒன்று, இந்த நாட்டில் 2017இல் எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது. இப்போது ஜோகன்னஸ்பர்க் தெருமரங்கள் வரை போய்விட்டது. இந்தப் பக்கம் ஆள் தேவை குறையாது.

களத்தில் மேலாளராகப் போனால் காட்டுத்தீயோடுதான் வாழ்க்கை. குவாசூலு-நட்டாலில் குளிர்காலம், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வறண்ட காலம், மலைக்காற்று சூடாக இறங்கும். புனித வெள்ளியன்று எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் தீமிதிக்கு நிம்மதியாகப் போய் வரலாம். ஜூலை, ஆகஸ்டில் கல்யாணம் காட்சி என்று யாராவது அழைத்தால் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சூலு மொழியும் கொஞ்சம் வேண்டும். அறிக்கைக்கு ஆங்கிலம் போதும். வெட்டுக் குழுவின் இந்துனாவிடம் (தலைவரிடம்) ஆங்கிலத்தில் மட்டும் பேசினால் வேலை நடக்கும், விஷயம் தெரியவராது.

இனி கசப்பான பகுதி. சந்தை சிறியது. சாப்பி, மோண்டி எனும் காகித நிறுவனங்கள், அரசின் வன நிறுவனமான சாஃப்கால், மரம் வளர்ப்போரின் என்சிடி கூட்டுறவு, ஐசிஎஃப்ஆர் ஆய்வு நிலையம், இன்னும் சில மர ஆலைகள். விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நம் ஆட்கள் இன்னொன்றையும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்: இங்கே வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் இந்திய வம்சாவளியினரும் முன்னுரிமைப் பிரிவில் வருகிறார்கள், ஆனால் இந்த நாட்டுக் குடிமக்களாக இருந்தால்தான். நம் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. உள்ளூரில் கிடைக்காத திறமை உங்களிடம் இருந்தால்தான் விசாவுக்கு ஒரு நிறுவனம் மெனக்கெடும்.

அதனால் கல்லூரிப் பெயரைவிட ஆய்வுத் தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இங்கே எம்எஸ்சி பெரும்பாலும் ஆய்வேடுதான், வகுப்பு குறைவு. நிறுவனமோ கூட்டுறவோ பணம் போடும் திட்டமாக இருந்தால் உதவித்தொகையும் ஒட்டி வரும், தரவும் கிடைக்கும், முடிக்கும்போது உங்கள் வேலையைப் பார்த்த நாலு பேர் தொழிலுக்குள் இருப்பார்கள். எனக்கு வேலை வந்தது அந்த வழியில்தான், விண்ணப்பம் போட்டு அல்ல. மரக் கொள்கை, சமூகக் காடு என்று பொத்தாம்பொதுவாகத் தலைப்பு எடுத்துக்கொண்டு, பிறகு வேலைக்கு அலைந்து ஊருக்குத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

சேர்க்கைப் படிவம் நிரப்பும் முன் பேராசிரியருக்கு மின்னஞ்சல் போடுங்கள். “உங்கள் கீழ் பணியாற்றும் வாய்ப்பு” என்று மூன்று பத்தி புகழ்ச்சி வேண்டாம். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு விளங்காத ஒரு இடத்தைக் கேளுங்கள். இளநிலையில் நீங்களே எடுத்த தரவு இருந்தால் அதன் வரைபடம் ஒன்றை இணையுங்கள். பட்டத்தை இங்குள்ள சாகா அமைப்பிடம் மதிப்பிட்டு வாங்க நாள் பிடிக்கும், பட்டம் கைக்கு வந்ததும் அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.